டைம் ட்ரையல் சைக்கிளில் ஓட்டும் நிலையைச் செம்மைப்படுத்துதல்

காற்றின் கணக்கு

டைம் ட்ரையல் என்பது ஒருவர் தனியாக ஓட்டிக் கடிகாரத்தோடு மோதும் பந்தயம். முன்னால் செல்பவரின் முதுகுக்குப் பின்னே ஒதுங்கிக் காற்றைத் தவிர்க்க இதில் அனுமதி இல்லை. சமதளத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்பவர் மிதிக்கும் மிதியில் ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காடு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. மிச்சம் டயரின் உருள் உராய்விலும் செயினிலும் கரைகிறது. காற்றுக்குப் போகும் அந்தப் பெரும் பங்கிலும் சைக்கிளால் வருவது குறைவு. முக்கால் பாகத்துக்கு ஓட்டுபவரின் உடலே காரணம். அதனால் விலையுயர்ந்த சக்கரம் வாங்குவதற்கு முன்பே, உடலைச் சைக்கிளின்மீது வைக்கும் விதத்தைத் திருத்துவது முதல் வேலையாகிறது. அதற்கு ஆகும் செலவும் குறைவு.

காற்றைத் தள்ளத் தேவைப்படும் திறனைக் கணக்கிட நான்கு எண்கள் போதும்: காற்றின் அடர்த்தி, இழுவைக் கெழு, முகப்புப் பரப்பு, வேகம். அடர்த்தியின் பாதியை இழுவைக் கெழுவாலும் முகப்புப் பரப்பாலும் வேகத்தின் முப்படியாலும் பெருக்கினால் வாட் கணக்கில் விடை வரும். இழுவைக் கெழு என்பது வடிவம் காற்றில் எவ்வளவு வழுக்கிச் செல்கிறது என்பதன் அளவு. முகப்புப் பரப்பு, எதிரே நின்று பார்ப்பவருக்கு ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து எவ்வளவு இடத்தை அடைக்கிறார்கள் என்பதன் அளவு. இவ்விரண்டையும் தனித்தனியே பிரித்தறிவது கடினம் என்பதால் இரண்டின் பெருக்கலையே ஒரே எண்ணாகக் கொள்வது வழக்கம். சைக்கிள் வட்டாரத்தில் அதற்குப் பெயர் சிடிஏ. அதன் அலகு சதுர மீட்டர்.

சாதாரண ரோடு பைக்கில் பிரேக் லீவர்மீது கை வைத்து ஓட்டுபவரின் சிடிஏ பெரும்பாலும் 0.35-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். நன்றாக அமைத்த டைம் ட்ரையல் நிலையில் அது 0.22 முதல் 0.26 வரை இறங்கும். உலகத் தரத்து வீரர்கள் சிலர் 0.20-க்கும் கீழே செல்கிறார்கள். காற்றடர்த்தி கனமீட்டருக்கு 1.2 கிலோ என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சிடிஏ 0.30 உள்ளவர் காற்றுக்கு மட்டும் 247 வாட் கொடுக்க வேண்டும். 0.25 உள்ளவர் 206 வாட் கொடுத்தால் போதும். அந்த வேகத்தில் சிடிஏ 0.01 குறைந்தால் மிச்சமாவது ஏறத்தாழ 8 வாட். பல மாதப் பயிற்சியில் கூட்டும் வலுவை ஒரு அலன் கீயும் பொறுமையும் தந்துவிடக்கூடும் என்பது இந்தக் கணக்கின் பொருள்.

ஆனால் சிடிஏவைக் குறைப்பது மட்டுமே இலக்கு ஆகாது. பந்தயத்தின் கடைசிக் கிலோமீட்டர் வரை கலையாமல் பிடித்திருக்கவும், அதே நேரத்தில் முழு வலுவோடு மிதிக்கவும் முடிகிற நிலையே வேகமான நிலை. இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் அந்த உரைகல்லில் உரசிப் பார்த்த பிறகே ஏற்க வேண்டும்.

வரலாறு காட்டும் சான்று

1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள் பந்தயம், வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கி.மீ. டைம் ட்ரையல். அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கிய நிலையில் புறப்பட்டார். அவருடைய ஹேண்டில்பாரில், அன்று ட்ரையத்லான் வீரர்கள் பயன்படுத்திவந்த, முன்கைகளை ஊன்றி முன்னே நீட்டிக்கொள்ள உதவும் ஏரோபார் பொருத்தப்பட்டிருந்தது. முன்னிலையில் இருந்த பிரெஞ்சு வீரர் லோரான் ஃபின்யோன் அது இல்லாமல் ஓட்டினார். அந்த ஒரு கட்டத்தில் லெமாண்ட் 58 விநாடி மிச்சப்படுத்தி, மூன்று வாரப் பந்தயத்தை மொத்தம் 8 விநாடி வித்தியாசத்தில் வென்றார். அதன் பிறகு ஏரோபார் இல்லாத டைம் ட்ரையல் சைக்கிள் உயர்மட்டப் பந்தயத்தில் இல்லாமலே போனது.

கிறிஸ் போர்ட்மன் 1996-இல் கைகளை முன்னே நேராக நீட்டிய ‘சூப்பர்மேன்’ நிலையில் ஒரு மணி நேரத்தில் 56.375 கி.மீ. ஓட்டினார். அந்த நிலையை உலக சைக்கிள் சங்கமான யுசிஐ பின்னர் தடை செய்தது. 2000-இல் அவரே பழைய பாணி வளைந்த ஹேண்டில்பாரும் சாதாரணச் சக்கரமும் கொண்ட சைக்கிளில் ஓட்டியபோது 49.441 கி.மீ.தான் எட்ட முடிந்தது. வயதும் உடல்தகுதியும் மாறியிருந்தன என்றாலும், ஏறக்குறைய 7 கி.மீ. இடைவெளியின் பெரும்பகுதிக்குக் காற்றே காரணம். 2022 அக்டோபர் 8 அன்று ஃபிலிப்போ கன்னா, இன்றைய விதிகளுக்கு உட்பட்ட நிலையிலேயே 56.792 கி.மீ. ஓட்டி போர்ட்மனின் தொலைவைத் தாண்டினார். விதி வகுத்த எல்லைக்குள்ளும் செம்மைப்படுத்த நிறைய இடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

விதியின் எல்லை

அளவுகளைத் தொடுவதற்கு முன், எந்தப் பந்தயத்துக்காக அந்த நிலை அமைக்கப்படுகிறது என்பது முடிவாக வேண்டும். யுசிஐ விதிப்படி நடக்கும் பந்தயத்தில், 2023 முதல் ஓட்டுபவரின் உயரத்தை வைத்து மூன்று பிரிவுகள் உண்டு. கிராங்க் அச்சிலிருந்து ஏரோபார் முனை வரையிலான கிடைமட்டத் தூரம் 180 செ.மீ.க்குக் குறைவான உயரம் உள்ளவர்களுக்கு 80 செ.மீ., 180 முதல் 190 செ.மீ. வரை 83 செ.மீ., அதற்கு மேல் 85 செ.மீ. என்று வரம்பு உள்ளது. முழங்கைத் தாங்கிக்கும் ஏரோபார் முனைக்கும் இடையிலான உயர வேறுபாடு அதே வரிசையில் 10, 12, 14 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. சீட்டின் முனை கிராங்க் அச்சுக்கு எங்கே இருக்க வேண்டும், சீட் எவ்வளவு சாயலாம், காலுறை எவ்வளவு உயரம் வரலாம் என்பதற்கும் விதி உண்டு. ட்ரையத்லானில் இவற்றில் பல தளர்வாக இருக்கும். விதிப்புத்தகம் அடிக்கடி திருத்தப்படுவதால், பந்தயம் நடக்கும் ஆண்டின் பதிப்பைப் பார்த்தே அளவை உறுதி செய்ய வேண்டும். பந்தய நாளன்று அளவுச் சட்டத்தில் சைக்கிள் தேறாமல், புறப்படும் மேடைக்குப் பக்கத்தில் ஸ்குரூவைத் தளர்த்துகிற நிலை வந்தால் அதுவரை செய்த உழைப்பு வீண்.

தொடங்கும் முன்: இருப்பதைப் பதிவு செய்தல்

மாற்றுவதற்கு முன் இருப்பதை எழுதி வைக்க வேண்டும். திரும்பி வர வழி தெரிந்தால்தான் துணிந்து மாற்ற முடியும். சைக்கிளைச் சமதளத்தில் நிறுத்தி, ரசமட்டம் வைத்துத் தரை சரியாக இருக்கிறதா என்று பார்த்தபின், ஒரு தூக்குக்குண்டும் இன்ச் டேப்பும் கொண்டு கீழ்க்கண்டவற்றை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளலாம்:

• கிராங்க் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை உயரம்
• சீட்டின் முனை கிராங்க் அச்சுக்கு முன்னால் அல்லது பின்னால் இருக்கும் தூரம்
• சீட்டின் சாய்வு
• சீட்டின் மேற்பரப்புக்கும் முழங்கைத் தாங்கிக்கும் இடையிலான உயர வேறுபாடு
• சீட்டின் முனையிலிருந்து முழங்கைத் தாங்கியின் பின்விளிம்பு வரை தூரம்
• இரு தாங்கிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அகலம்
• ஏரோபாரின் நீளமும் சாய்வும்
• கிராங்க் நீளம்

சீட் போஸ்டிலும் ஏரோபாரிலும் இப்போதைய இடத்தை மெல்லிய டேப் ஒட்டி அடையாளம் செய்வது நல்லது. அடுத்ததாகச் சைக்கிளை, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ட்ரெய்னரில் பூட்டி, பத்து நிமிடம் பந்தய வேகத்தில் மிதித்த பிறகு, பக்கவாட்டிலிருந்தும் எதிரிலிருந்தும் படம் எடுக்க வேண்டும். ஏறி உட்கார்ந்தவுடன் எடுக்கும் படத்தில் எல்லோரும் ஒழுங்காகவே இருப்பார்கள். உடல் களைத்த பிறகு தானாக எங்கே போய் நிற்கிறதோ அதுவே உண்மையான நிலை. கேமரா இடுப்பு உயரத்தில், குறைந்தது நான்கைந்து மீட்டர் தள்ளி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருந்தால்தான் படங்களை ஒப்பிட முடியும்.

சீட்: எல்லாவற்றுக்கும் அடித்தளம்

திருத்தத்தைப் பின்னாலிருந்து முன்னால் நோக்கிச் செய்வதே முறை. சீட்டின் இடம் மாறினால் முழங்கைத் தாங்கியின் தூரமும் தாழ்வும் மாறிவிடும். அதனால் சீட்டை முடிவு செய்யாமல் முன்பகுதியைத் தொட்டால் அதே வேலையை இரண்டு முறை செய்ய நேரும்.

ரோடு பைக்கில் சீட் குழாயின் கோணம் பொதுவாக 72 முதல் 74 டிகிரி. டைம் ட்ரையல் நிலையில் இடுப்பு இன்னும் முன்னால் வர வேண்டியிருப்பதால், நடைமுறைக் கோணம் 76 முதல் 80 டிகிரி வரை போகும். காரணம் எளிது. முதுகு தாழும்போது தொடைக்கும் வயிற்றுக்கும் இடையிலான கோணம் சுருங்குகிறது. அது மிகவும் சுருங்கினால் பெடல் மேலே வரும் கட்டத்தில் முழங்கால் வெளியே விலகும், மூச்சு முட்டும், மிதியின் வலு குறையும். இடுப்பை முன்னே கொண்டுவந்தால், கிராங்க் அச்சை மையமாக வைத்து உடல் முழுவதும் சுழன்று, கோணம் சுருங்காமலே முதுகு தாழ்கிறது. சீட்டை 10 மி.மீ. முன்னால் நகர்த்தினால், பெடலுக்கும் இடுப்புக்கும் உள்ள தூரம் மாறாதிருக்க 2 அல்லது 3 மி.மீ. உயர்த்தவும் வேண்டும்.

உயரத்துக்கு முழங்கால் சாட்சி. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் நேர்கோட்டிலிருந்து 25 முதல் 35 டிகிரி மடங்கியிருந்தால் போதுமானது. பின்னாலிருந்து பார்க்கும்போது இடுப்பு இரு பக்கமும் ஆடினால் சீட் அதிக உயரம்.

சாய்வையும் சீட்டின் வடிவத்தையும் அலட்சியம் செய்யக் கூடாது. இடுப்பெலும்பு முன்னோக்கிச் சுழலும்போது உடல் எடை பின்புற எலும்புகளிலிருந்து விலகி முன்புற மென்மையான பகுதியில் இறங்குகிறது. மரத்துப்போதல் அங்கே தொடங்கினால், அது பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி அல்ல. நரம்பும் ரத்தக் குழாயும் நசுங்குகின்றன என்பதன் அறிகுறி அது. மூக்கு குட்டையான அல்லது நடுவில் பிளந்த சீட்டும், முனையை ஓரிரு டிகிரி தாழ்த்துவதும் பெரும்பாலும் இதைத் தீர்க்கும். முனை மிகவும் தாழ்ந்தால் உடல் முன்னே வழுக்கும். அதைத் தடுக்கக் கைகள் எந்நேரமும் தள்ளிக்கொண்டிருக்கும், தோள் சோர்ந்துவிடும். உட்கார்ந்த இடத்திலிருந்து சில நிமிடங்களுக்கு ஒருமுறை பின்னே நகர்ந்து உட்கார வேண்டியிருந்தால், சீட் சரியில்லை என்று பொருள்.

இடுப்புக் கோணத்தைத் திறக்க இன்னொரு வழி கிராங்கைக் குட்டையாக்குவது. 172.5 மி.மீ. கிராங்கை மாற்றி 165 மி.மீ. போட்டு, சீட்டை 7.5 மி.மீ. உயர்த்தினால், மிதியின் உச்சியில் இடுப்புக்கும் பாதத்துக்கும் இடையே 15 மி.மீ. கூடுதல் இடம் கிடைக்கிறது. குட்டைக் கிராங்கால் வலு குறையும் என்ற அச்சத்துக்குப் பெரிய ஆதாரம் இல்லை. ஜேம்ஸ் மார்ட்டின் பங்கேற்று 2001-இல் வெளியான ஆய்வில், 145 முதல் 195 மி.மீ. வரையிலான கிராங்குகளில் உச்சத் திறன் பெரிதாக மாறவில்லை.

முழங்கைத் தாங்கி: உயரம், அகலம், தூரம்

சீட் நிலைபெற்றதும் முன்பகுதிக்கு வரலாம். முதலில் தூரம். பக்கவாட்டுப் படத்தில் மேற்கையும் முதுகும் ஏறத்தாழ செங்கோணத்தில், அல்லது அதைவிடச் சற்று விரிந்து இருந்தால், எடை தசையில் இல்லாமல் எலும்பின் வழியே தாங்கியில் இறங்கும். தாங்கி முழங்கையை ஒட்டிய முன்கைப் பகுதியில் பட வேண்டும். அது முன்கையின் நடுவில் பட்டால் முழங்கை அந்தரத்தில் தொங்கும், கழுத்தும் மேல்முதுகும் எடையைச் சுமக்கும்.

அடுத்தது உயரம். தாழ்ந்தால் வேகம் என்று எண்ணி, தாங்கியை உயர்த்தும் ஸ்பேசர்களை எல்லாம் கழற்றிவிடுவது பலரும் செய்வது. தாங்கி தாழும்போது தோள் தாழ்கிறது, ஆனால் சாலையைப் பார்க்க வேண்டிய தலை தாழ்வதில்லை. தாழ்ந்த தோளுக்கு மேலே தலை தனியாக நீட்டிக்கொண்டு நின்றால் லாபம் கிடைக்காது, சிலருக்கு நஷ்டமும் நேரும். தாங்கியை 10 அல்லது 20 மி.மீ. உயர்த்திய பிறகு, தலை தோள்களுக்கு இடையே இறங்கிக் கைகளுக்குப் பின்னால் மறைந்ததால் சிடிஏ குறைந்தவர்கள் பலர் உண்டு. ஆகவே உயரத்தை இரு திசையிலும் சோதிக்க வேண்டும்.

அகலமும் அப்படித்தான். முழங்கைகளைத் தொடைகளின் அகலத்துக்குள் கொண்டுவருவது பெரும்பாலோருக்குப் பலன் தரும். இரண்டையும் ஒட்டவைப்பது எல்லோருக்கும் பலன் தராது. மார்பு சுருங்கி மூச்சு அடைத்தாலோ, வளைவில் சைக்கிள் தடுமாறினாலோ அந்த அகலம் தவறு. ஒவ்வொரு முறையும் 10 மி.மீ. குறைத்து, குறைந்தது ஒரு வாரம் அதில் ஓட்டிப் பார்த்தே அடுத்த படிக்குப் போகலாம்.

கடைசியாக முன்கையின் சாய்வு. கைகளை முகத்துக்கு முன்னே உயர்த்தி வைக்கும் பாணி கும்பிடுபூச்சியின் பெயரால் அறியப்படுகிறது. உயர்ந்த கைகள் முகத்துக்கும் மார்புக்கும் இடையிலான பள்ளத்தில் காற்று புகுவதைக் குறைக்கின்றன. தாங்கிமீது முன்கை முன்னே வழுக்காமல் அமர்வதால் தோளும் இளைப்பாறுகிறது. பத்து முதல் இருபது டிகிரி வரை பலருக்கும் வசதியாக அமையும். கைக்கும் முகவாய்க்கும் இடையில் சாலை மறையாமல் இருக்க வேண்டும் என்பது இதில் மீறக்கூடாத நிபந்தனை.

தலையும் தோளும்

சைக்கிளில் எதையும் மாற்றாமல், செலவே இல்லாமல் கிடைக்கும் லாபம் தலையில் இருக்கிறது. எதிரிலிருந்து எடுத்த படத்தில் ஹெல்மெட்டுக்கும் தோளுக்கும் இடையே கழுத்து முழுதும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால், முகவாயைச் சற்று உள்ளிழுத்து, தோள்களைக் காதை நோக்கி உயர்த்தி உள்ளே ஒடுக்கும் பழக்கம் தேவை. தலை அந்தப் பள்ளத்தில் இறங்கியதும் முகப்புப் பரப்பு கண்ணுக்குத் தெரியும் அளவு சுருங்கும். வெகுநேரம் அதைப் பிடித்திருக்கக் கழுத்துத் தசைக்குப் பயிற்சி வேண்டும். முதலில் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து, பிறகு பத்து என்று நீட்டிப்பதே சரியான முறை.

நீண்ட வால் உள்ள ஹெல்மெட் முதுகோடு ஒட்டிப் படிந்தால் காற்று அதன்மேல் வழுக்கிச் செல்லும். களைப்பில் தலை கவிழ்ந்து கண் தரையைப் பார்த்தால் அந்த வால் கொடிபோல மேலே நின்று, காற்றைக் குலைத்துவிடும். அப்படித் தலை கவிழும் வழக்கம் உள்ளவருக்கு வால் குட்டையான ஹெல்மெட் உகந்தது. தலை கவிழ்வது ஆபத்தும்கூட. நின்றிருக்கும் வாகனத்தில் மோதும் விபத்துகளுக்கு அது வழி செய்கிறது. முன்னே பார்க்க முடியாத நிலை எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் அதைக் கைவிட வேண்டும்.

உடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தோளிலும் கையிலும் சுருக்கம் விழாத, உடலோடு ஒட்டிய ஒற்றை உடை தேவை. படபடக்கும் எண் அட்டை பல வாட்டைத் தின்றுவிடும் என்பதால், அதை நான்கு ஓரத்திலும் இறுக்கமாகப் பொருத்த வேண்டும். வெப்பம் மிகுந்த ஊரில் காற்றுத் துளை இல்லாத ஹெல்மெட் நீண்ட பந்தயத்தில் உடலைச் சூடாக்கி, மிச்சப்படுத்திய வாட்டையே விழுங்கிவிடலாம். அதையும் பந்தயம் நடக்கும் நேரத்து வெயிலிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும்.

அளந்து பார்த்தல்

கண்ணுக்கு வேகமாகத் தெரியும் நிலை காற்றுக்கும் அப்படியே தெரியும் என்ற உறுதி இல்லை. முகப்புப் பரப்பைப் படத்தில் எண்ணிவிடலாம், இழுவைக் கெழுவைப் படம் காட்டாது. காற்றுச் சுரங்கமும் உள்ளரங்க வெலோட்ரோமும் துல்லியமான விடை தரும், ஆனால் எட்டக்கூடியவர்கள் சிலரே. மற்றவர்களுக்கு பவர் மீட்டரும், சக்கரத்தில் பொருத்தும் வேக சென்சாரும், அமைதியான ஒரு சாலையும் போதும்.

ராபர்ட் சங் வகுத்த முறை இதற்குப் பரவலாகக் கையாளப்படுகிறது. ஒவ்வொரு விநாடியும் செலுத்திய திறனும் வேகமும் பதிவில் இருக்கின்றன. சிடிஏவுக்கும் டயரின் உருள் உராய்வுக்கும் ஒரு மதிப்பை வைத்துக்கொண்டால், மிச்சத் திறனைக் கொண்டு சாலை எவ்வளவு ஏறி இறங்கியது என்று கணக்கிடலாம். புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும் சுற்றில், கணக்கில் வரும் உயரமும் தொடங்கிய அளவுக்கே திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்வரை சிடிஏவை மாற்றிப் பார்த்தால் கிடைப்பதே விடை. கோல்டன் சீட்டா என்ற இலவச மென்பொருளில் இதற்கான ஏரோலேப் பகுதி உண்டு.

முறை எளிது, ஒழுங்குதான் கடினம். போக்குவரத்து இல்லாத ஒரு சுற்றுப்பாதையோ, பிரேக் பிடிக்காமல் திரும்பக்கூடிய இரு முனைகள் உள்ள ஒன்றிரண்டு கிலோமீட்டர் சாலையோ தேவை. சோதனையின் நடுவில் பிரேக் பிடித்தால் அந்தச் சுற்று கணக்கில் சேராது. ஒரு லாரி கடந்து சென்றாலும் அது இழுத்துவரும் காற்று விடையைக் கெடுக்கும். டயர் அழுத்தம், ஓட்டுபவர் சைக்கிள் இரண்டின் மொத்த எடை, வெப்பநிலை, காற்றழுத்தம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெப்பநிலையைக் குறிக்காமல் விடுவது பெரிய பிழையில் கொண்டுபோய் விடும். விடிகாலை 25 டிகிரியில் ஒரு நிலையையும், வெயில் ஏறி 33 டிகிரி ஆனபின் மற்றொரு நிலையையும் சோதித்தால், இதற்கிடையில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 2.6 விழுக்காடு குறைந்திருக்கும். 0.250 சிடிஏ உள்ளவருக்கு அது 0.0065 குறைந்ததுபோலத் தோன்றும். ஹெல்மெட்டை மாற்றியதால் கிடைத்த லாபம் என்று அதை எண்ணி ஏமாந்துவிடலாம். மேலும் தமிழகத்தின் கடலோர ஊர்களில் முற்பகலுக்குப் பின் கடற்காற்று எழுந்துவிடும். வெளிச்சம் வந்தவுடன் தொடங்கி, காற்று அசையத் தொடங்குமுன் முடிப்பதே நல்ல ஏற்பாடு.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் சோதிக்க வேண்டும். பழைய நிலை, புதிய நிலை, மறுபடி பழைய நிலை, மறுபடி புதிய நிலை என்று மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். பழைய நிலையின் இரு விடைகளும் தமக்குள்ளேயே 2 விழுக்காடு வேறுபட்டால், புதிய நிலை தரும் 1 விழுக்காட்டு லாபத்துக்கு எந்தப் பொருளும் இல்லை.

லாபமா நஷ்டமா: ஒரு கணக்கு

மாற்றம் காற்றில் மிச்சப்படுத்துவதையும் காலில் இழப்பதையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, சைக்கிளோடு சேர்த்து 82 கிலோ எடையுள்ள ஒருவர் 240 வாட் திறனில், சமதளத்தில், காற்றடர்த்தி 1.15 உள்ள நாளில் 40 கி.மீ. ஓட்டுவதாகக் கொள்வோம். உருள் உராய்வுக் கெழு 0.004. அவருடைய சிடிஏ 0.260 என்றால் அவர் ஏறத்தாழ 60 நிமிடம் 5 விநாடியில் முடிப்பார். புதிய நிலையில் சிடிஏ 0.240 ஆகி, திறன் குறையாமல் இருந்தால் 58 நிமிடம் 35 விநாடி. ஒன்றரை நிமிட லாபம்.

அந்தத் தாழ்ந்த நிலையில் இடுப்பு நெருங்கி 8 வாட் இழந்தால், நேரம் 59 நிமிடம் 20 விநாடி. லாபம் பாதியாகிறது, ஆனாலும் லாபமே. 16 வாட் இழந்தால் இரண்டும் சமம். 20 வாட் இழந்தால் பழைய நிலையைவிட 26 விநாடி தாமதம். காற்றுச் சுரங்கத்தில் வென்ற நிலை சாலையில் தோற்பது இப்படித்தான்.

இதே கணக்கில் நிலைத்தன்மைக்கும் இடம் உண்டு. 0.240 நிலையில் பந்தயத்தின் பத்தில் ஒன்பது பங்கை ஓட்டி, மிச்ச ஒரு பங்கில் கழுத்து வலி தாளாமல் நிமிர்ந்து 0.33 சிடிஏவில் சென்றால், சராசரி 0.249 ஆகிவிடும். கிடைத்த லாபத்தில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. நிமிராமல் பிடிக்கக்கூடிய 0.245 நிலை அதைவிட மேல்.

எனவே புதிய நிலையை ஏற்குமுன் ஒரு தேர்வு வைக்க வேண்டும். பந்தய வேகத்துக்கு நிகரான திறனில் 20 நிமிடம் வீதம் இரு முறை, இடையில் ஒருமுறைகூட நிமிராமல் ஓட்டிப் பார்ப்பது. அதில் இதயத் துடிப்பு வழக்கத்தைவிட ஏறாமல், திறன் சில வாட்டுக்கு மேல் இறங்காமல் இருந்தால் அந்த நிலை தேறியது.

உடலைப் பழக்குதல்

புதிய நிலையில் முதல் வாரம் திறன் குறைவது இயல்பு. தசைகள் புதிய கோணத்தில் இழுக்கப் பழக நான்கு முதல் ஆறு வாரம் தேவைப்படலாம். அதனால் பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் எந்த அளவையும் மாற்றக் கூடாது. வாரத்தில் குறைந்தது இரண்டு பயிற்சிகளாவது டைம் ட்ரையல் சைக்கிளிலேயே நடக்க வேண்டும். தொடையின் பின்தசைக்கும் இடுப்புக்கும் நீட்சிப் பயிற்சியும், வயிறு, முதுகுத் தசைகளுக்கு வலுப் பயிற்சியும் சேர்ந்தால் தாழ்ந்த நிலை எளிதாகக் கைவரும்.

சாலையில் பழகும்போது எச்சரிக்கை வேண்டும். பெரும்பாலான டைம் ட்ரையல் சைக்கிள்களில் ஏரோபார் முனையில் கியர் மட்டும் இருக்கும், பிரேக் வெளிப்புற ஹேண்டில்பாரில்தான் இருக்கும். கை எட்டும் அந்த ஒரு கணமே சில மீட்டரைத் தின்றுவிடும். போக்குவரத்து உள்ள இடத்திலும், குழுவோடு ஓட்டும்போதும், குண்டும் குழியுமான சாலையிலும் கை பிரேக் மீதுதான் இருக்க வேண்டும்.

ட்ரெய்னரில் பழகுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வியர்வை தாங்கிக்கு அடியில் சொட்டி, ஸ்டெம்மின் ஸ்குரூக்களையும் ஹெட்செட் பேரிங்கையும் வெளியே தெரியாமல் துருப்பிடிக்கச் செய்யும். முன்பகுதியைத் துணியால் மூடுவதும், மாதம் ஒருமுறை ஸ்குரூக்களைக் கழற்றித் துடைத்து கிரீஸ் தடவி, அந்தந்தப் பாகத்தில் அச்சிட்டுள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குவதும் அவசியம்.

வலி சொல்லும் செய்தி

தோளும் கழுத்தும் வலித்தால் தாங்கி அதிகத் தூரத்திலோ அதிகத் தாழ்விலோ இருக்கிறது. கீழ்முதுகு வலித்தால் இடுப்பு சுழலாமல் முதுகு மட்டும் வளைகிறது. சீட்டை முன்னே நகர்த்துவதும் முனையைச் சற்றுத் தாழ்த்துவதும் முதல் மருந்து. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். சுண்டுவிரல் மரத்தால் முழங்கை நரம்பு தாங்கியின் விளிம்பில் அழுந்துகிறது, தாங்கியை நகர்த்தவோ திண்டை மாற்றவோ வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் மரத்தலும், சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் தொடரும் வலியும் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை.

எப்போது நிறுத்துவது

முதல் சில மாற்றங்கள் பெரிய லாபம் தரும். பிறகு வருபவை சிறுத்துக்கொண்டே போகும். ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு, ஒரே நிலையை இரண்டு முறை அளந்தால் வரும் வேறுபாட்டைவிடச் சிறியதாகும்போது வேலை முடிந்தது. அப்போது எல்லா அளவுகளையும் மீண்டும் எடுத்து, முதல் பதிவுக்குப் பக்கத்தில் தேதியோடு எழுதி, படங்களையும் சேர்த்து வைக்க வேண்டும். உடல் எடை பெரிதும் மாறினாலோ, காயத்துக்குப் பின் திரும்பினாலோ, சீட், ஷூ, கிராங்க் இவற்றில் ஒன்று மாறினாலோ அந்தப் பதிவோடு ஒப்பிட்டு மறுபடி சீட்டிலிருந்து தொடங்க வேண்டும். இவை எதுவும் மாறாதவரை அளவுகளைத் தொடாமல், அந்த நிலையில் இன்னும் நீண்ட நேரம், இன்னும் கூடுதல் வாட்டில் ஓட்டுவதே எஞ்சியிருக்கும் பணி.